எதை எதால் வகுப்பது?

வாசகர் கேள்விகள் – துறை வல்லுநர் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை. காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப உலகம் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறதா, அதை எந்தக் குறிகாட்டிகளால் அளப்பது என்பதே அது. மாணவர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள், அரசுப் புள்ளியியல் பணியாளர்கள் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: கார்பன் உமிழ்வை டன்னில் அளக்கிறார்கள். தகவமைப்பை எந்த அலகில் அளப்பது?

ஒரே அலகு கிடையாது. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு டன் கரியமில வாயு உலகின் எந்த மூலையிலிருந்து வெளியேறினாலும் வளிமண்டலத்துக்கு அது ஒன்றுதான். தகவமைப்பு அப்படியல்ல. வெள்ளச் சமவெளியில் அது மேடான தங்குமிடமாக இருக்கும். வறண்ட நிலத்தில் நீர்ச் சேமிப்பாகவும், நகரத்தில் வெப்ப நாட்களில் முதியவர்களைத் தேடிப்போய்ப் பார்க்கும் ஏற்பாடாகவும் இருக்கும். இவற்றைக் கூட்டி ஒரு தொகை சொல்ல முடியாது.

2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் 7ஆம் பிரிவில் உலகத் தகவமைப்பு இலக்கை வகுத்தது. தகவமையும் திறனைக் கூட்டுவது, மீள்திறனை வலுப்படுத்துவது, பாதிப்புக்கு ஆளாகும் தன்மையைக் குறைப்பது என்று மூன்றைச் சொன்னது. எண் எதுவும் சொல்லவில்லை. வெப்பநிலைக்கு 1.5 டிகிரி, 2 டிகிரி என்று வரம்பு வைத்த அதே ஒப்பந்தம் இதற்கு வார்த்தைகளை மட்டுமே தந்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. நாம் அளந்துகொண்டிருக்கும்போதே ஆபத்தும் வளர்கிறது. பத்து ஆண்டு உழைப்புக்குப் பிறகும் பாதிப்பு அதே அளவில் இருந்தால் அது தோல்வியா? மழை அதற்குள் கடுமையாகியிருந்தால் அது பெரிய வெற்றி. ஆகவே எந்தக் குறிகாட்டியைப் பார்த்தாலும் மேலே உள்ள எண்ணை விட்டுவிட்டு, அதை எதால் வகுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பள்ளிக் கணக்கில் பின்னத்தின் 'பகுதி' என்று படித்தோமே, அதுதான். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

கேள்வி: ஆயிரக்கணக்கில் இருந்த குறிகாட்டிகளை 59 ஆகச் சுருக்கிவிட்டார்கள் என்று படித்தேன். எப்படிச் சுருக்கினார்கள்?

2023இல் துபாயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், உலகத் தகவமைப்பு இலக்குக்கான ஒரு சட்டகம் உருவானது. அதில் 11 இலக்குகள். நீர், உணவும் வேளாண்மையும், உடல்நலம், இயற்கைச் சூழல், கட்டமைப்பும் குடியிருப்பும், வறுமையும் வாழ்வாதாரமும், பண்பாட்டு மரபு என்று ஏழு துறை இலக்குகள். ஆபத்து மதிப்பீடு, திட்டமிடல், செயல்படுத்தல், கண்காணித்துக் கற்றல் என்று நான்கு நடைமுறை இலக்குகள். பெரும்பாலானவற்றுக்கு 2030 கெடு. முன்னெச்சரிக்கை அமைப்புக்கு மட்டும் 2027.

இவற்றை அளக்கக் குறிகாட்டிகள் வேண்டும் என்று ஈராண்டுப் பணித்திட்டம் தொடங்கியது. ஏற்கெனவே உலகில் புழங்குபவற்றைத் திரட்டியபோது 9,000க்கும் மேல் குவிந்தன. 78 வல்லுநர்கள் கொண்ட குழு அவற்றை முதலில் 490 ஆகவும், 2025 செப்டம்பரில் 100 ஆகவும் குறைத்தது. அந்த நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் கூடிய முப்பதாவது மாநாடு 59ஐ ஏற்றது. நிறைவு அமர்விலேயே பல நாடுகள் ஆட்சேபம் தெரிவித்தன. வல்லுநர்கள் தந்த பட்டியலைக் கடைசி நேரத்தில் திருத்தியதில் சில குறிகாட்டிகள் அளக்கவே முடியாத வடிவத்துக்குப் போய்விட்டன என்பது அவர்களின் வாதம். இவற்றைச் செம்மைப்படுத்த இன்னும் ஈராண்டு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இவை தன்னார்வமானவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிட்டுத் தரவரிசை போட இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பது உடன்பாடு. வளரும் நாடுகள் அதை வற்புறுத்தியதில் நியாயம் இருக்கிறது. பணமும் கருவியும் கொடுக்காமல் மதிப்பெண் மட்டும் போடுவது முறையல்ல.

கேள்வி: வெள்ளத்தில் இறந்தவர்கள் முன்பு 40 பேர், சமீபத்திய வெள்ளத்தில் 10 பேர். இதைத் தகவமைப்பின் முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுதலாமா? (பேரிடர்த் துறையில் பணிபுரியும் வாசகர்)

இப்படியே எழுதக் கூடாது. உங்கள் எண்களையே வைத்து ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வெள்ளம் சூழ்ந்த இடங்களில் 2 லட்சம் பேர் வசித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 இறப்பு என்றால் லட்சத்துக்கு 20. இரண்டாவது வெள்ளம் சிறியது, 40,000 பேர் வசிக்கும் இடங்களை மட்டுமே சூழ்ந்தது. 10 இறப்பு என்றால் லட்சத்துக்கு 25. இறப்பு கால்வாசியாகக் குறைந்ததுபோல் தெரிந்தாலும் தண்ணீரில் சிக்கிய ஒருவர் சாகும் வாய்ப்பு கூடியிருக்கிறது.

சரியாகச் செய்யும் வழி இது. செயற்கைக்கோள் படத்திலிருந்தோ கள அளவீட்டிலிருந்தோ வெள்ளம் சூழ்ந்த எல்லையை எடுங்கள். அதை மக்கள்தொகை வரைபடத்தின் மேல் பொருத்தி, உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிறகு ஆழத்தைப் பிரியுங்கள்: அரை மீட்டருக்குக் கீழ், அரை முதல் ஒன்றரை மீட்டர், அதற்கு மேல். முழங்கால் தண்ணீரில் நின்றவரையும் கூரைமேல் ஏறியவரையும் ஒரே கூட்டத்தில் சேர்த்தால் விகிதம் பொய் சொல்லும். ஒவ்வோர் ஆழத்துக்கும் தனித்தனியே இறப்பு விகிதம் எடுத்து, ஒத்த ஆழங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிடுவதும் ஆபத்து. பேரிடர் ஆண்டுதோறும் ஒரே அளவில் வருவதில்லை. பேரிடர் ஆபத்தைக் குறைக்க நாடுகள் 2015இல் ஏற்ற செண்டாய் சட்டகம் இதற்காகவே பத்தாண்டு சராசரியை எடுக்கிறது. 2005–2015 சராசரியை 2020–2030 சராசரியோடு ஒப்பிடச் சொல்கிறது. ஆனால் அதன் வகுக்கும் எண் நாட்டின் மொத்த மக்கள்தொகை, லட்சத்துக்கு இத்தனை பேர் என்று. வெள்ளமே எட்டாத மலையூர்க்காரரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். சர்வதேச அறிக்கைக்கு அதையே கொடுங்கள். உங்கள் திட்டமிடலுக்குத் தண்ணீர் சூழ்ந்த மக்களால் வகுத்த எண்ணைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பத்தக்க முன்னேற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டார்கள். 1991இல் ஏறத்தாழ 1,38,000 பேர். 2007இல் வந்த சிடர் புயலில் ஏறத்தாழ 3,400 பேர். மூன்றுமே மிகக் கடும் புயல்கள். இடைப்பட்ட காலத்தில் கடலோர மக்கள்தொகை கூடியிருந்தது. ஆபத்து குறையாமலும் வகுக்கும் எண் வளர்ந்தும் இறப்பு இவ்வளவு இறங்கினால், தன்னார்வலர் படையும் புயல் காப்பகங்களும் எச்சரிக்கையும் வேலை செய்தன என்று துணிந்து சொல்லலாம். அதே சிடர் ஏற்படுத்திய சேதமும் இழப்பும் ஏறத்தாழ 170 கோடி டாலர். உயிர் தப்பியது, பிழைப்பு தப்பவில்லை. இறப்பை மட்டும் எண்ணியிருந்தால் இந்த இரண்டாம் பாதி கண்ணிலேயே பட்டிருக்காது.

கேள்வி: எங்கள் நாட்டில் முன்னெச்சரிக்கை 100 சதவீத மக்களைச் சென்றடைகிறது என்று அறிக்கை சொல்கிறது. நம்பலாமா?

'சென்றடைகிறது' என்றால் என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் செல்பேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் மக்கள் இருக்கிறார்கள் என்பதே அதன் பொருளாக இருக்கும். கோபுரம் இருப்பது வேறு, ஆள் பிழைப்பது வேறு. நடுவில் நான்கைந்து படிகள் உண்டு, ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்வார்கள்.

ஆற்றோரத்தில் 10,000 பேர் என்று கொள்வோம். கோபுர எல்லையில் அத்தனை பேரும் இருக்கிறார்கள், 100 சதவீதம். தண்ணீர் வர இரண்டு மணி நேரம் இருக்கும்போதே செய்தி கிடைத்தவர்கள் 7,000. அதைப் புரிந்துகொண்டு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தவர்கள் அதில் 70 சதவீதம், அதாவது 4,900. போக வழியும் தங்க இடமும் இருந்து உண்மையில் வெளியேறியவர்கள் அதில் பாதி, 2,450. நூறு என்று தொடங்கிய எண் இருபத்து நான்கரையில் முடிகிறது.

எங்கே உதிர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மருந்து. இரண்டாம் படியில் உதிர்ந்தால் செய்தி அனுப்பும் முறையைப் பாருங்கள். குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகப் போகும், நெரிசலில் மணிக்கணக்கில் தாமதமாகலாம். செல் ஒலிபரப்பு அப்படியல்ல, கோபுரத்தின் கீழ் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் போகும், எண் பதிவு தேவையில்லை. மூன்றாம் படியில் உதிர்ந்தால் வாசகத்தில் கோளாறு. 'மிகக் கனமழை எதிர்பார்க்கப்படுகிறது' என்பது வானிலைச் செய்தி. 'மாலை 6 மணிக்குள் பள்ளிக்கட்டடத்துக்குப் போங்கள்' என்பதுதான் எச்சரிக்கை. நான்காம் படியில் உதிர்ந்தால் காரணம் பெரும்பாலும் கால்நடையை விட்டுவர மனமின்மை, வீடு திருடுபோகும் பயம், தங்குமிடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லாமை. இவற்றில் எதையும் கோபுரங்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

அளப்பதற்கு நிகழ்வு முடிந்து இரண்டு வாரத்துக்குள் வீட்டுக்கு வீடு கணக்கெடுங்கள். அதற்குமேல் போனால் நினைவு மங்கி, கேட்டதையும் கண்டதையும் கலந்து சொல்வார்கள். ஐந்து கேள்வி போதும்: எப்போது தெரியவந்தது, யார் மூலம், என்ன புரிந்தது, என்ன செய்தீர்கள், போகவில்லையென்றால் ஏன். எளிய குலுக்கல் மாதிரியில் 95 சதவீத நம்பகத்தோடு கூட்டல் கழித்தல் 5 புள்ளிக்குள் விடை வேண்டுமானால் 385 பேர் தேவை. தெருத்தெருவாகக் கொத்தாக எடுப்பதாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரேபோல் பதில் சொல்வார்கள். ஆகவே அதை இருமடங்காக்கி 770 பேர் எடுங்கள். பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் எண்களைத் தனியே பிரித்துக் காட்டுங்கள். அந்தக் குழுக்களுக்கும் தனித்தனியே நம்பகமான விடை வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் மாதிரி போதுமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். களத்துக்குப் போய் வந்தபின் யோசித்தால் வழியில்லை.

கேள்வி: வெப்ப அலையில் இறந்தோர் எண்ணிக்கை எல்லா அறிக்கையிலும் மிகக் குறைவாகவே இருக்கிறதே, ஏன்?

இறப்புச் சான்றிதழில் 'மாரடைப்பு', 'சிறுநீரகச் செயலிழப்பு' என்றுதான் எழுதியிருக்கும். வெப்பம் அதைத் தூண்டியது என்று எழுதமாட்டார்கள். ஆகவே சான்றிதழை எண்ணுவதைவிட மிகை இறப்பை, அதாவது வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த இறப்பைக் கணக்கிடுவது நல்லது. அந்த வாரங்களில் முந்தைய ஐந்து ஆண்டுச் சராசரி 1,200 இறப்பு, இந்த ஆண்டு 1,380 என்றால் மிகை 180. 2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000க்கும் மேற்பட்டோர் மாண்டது இந்த வகைக் கணக்கில்தான் தெரியவந்தது. பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000.

கவனிக்கவேண்டியவை: 2020, 2021 பெருந்தொற்று ஆண்டுகளைச் சராசரியில் சேர்க்காதீர்கள். மக்கள்தொகை வளர்ச்சிக்கும் முதுமைக்கும் ஏற்ப வயதுவாரியாகத் திருத்துங்கள். வெப்ப அலைக்குப் பிந்தைய சில வாரங்களையும் பாருங்கள், அப்போது இறப்பு வழக்கத்தைவிடக் குறைந்தால் சிலரின் இறப்பு சில வாரம் முன்னே தள்ளப்பட்டது என்று பொருள்.

இங்கே ஒரு கொடுமையான பொறி இருக்கிறது. இறப்புப் பதிவு 60 சதவீதமே நடக்கும் ஒரு நாடு, பதிவை 90 சதவீதமாக உயர்த்தினால் அதன் வெப்ப இறப்பு ஏட்டில் ஏறும். நன்றாக அளக்கத் தொடங்கியவர்கள் மோசமானவர்களாகத் தெரிவார்கள். அதனால் பதிவின் முழுமைச் சதவீதத்தையும் குறிகாட்டியின் பக்கத்திலேயே அச்சிடவேண்டும்.

தகவமைப்பு நடந்ததா என்று அறிய, அதே வெப்பநிலையில் இறப்பு எவ்வளவு என்று பார்க்கவேண்டும். முன்பு 42 டிகிரியில் இறப்பு 20 சதவீதம் கூடியது, இப்போது 12 சதவீதமே கூடுகிறது என்று காட்ட முடிந்தால், அது குளிர்ந்த ஆண்டின் அதிர்ஷ்டம் அல்ல.

கேள்வி: லட்சக்கணக்கில் அலையாத்தி மரக்கன்று நட்டதைக் குறிகாட்டியாக வைக்கலாமா?

வேண்டாம். நட்ட கன்று செலவுக் கணக்கு. ஐந்தாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் பரப்பு எத்தனை ஹெக்டேர் என்று எழுதுங்கள். அலையாத்தி ஓதம் ஏறி இறங்கும் எல்லையின் மேல்பாதியில் வளர்வது. எண்ணிக்கைக்காக நடுபவர்கள் எளிதில் கிடைக்கும் தாழ்ந்த சேற்றுத் திட்டில் நடுகிறார்கள், வேர் நெடுநேரம் நீரில் மூழ்கிக் கன்று சாகிறது. கன்றுக்குக் காசு என்று குறிகாட்டி சொன்னதால்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகத் தந்தால் மக்களுக்குப் புரியுமே?

புரிந்ததுபோல் இருக்கும். நீருக்கு 0.9, உடல்நலத்துக்கு 0.9, முன்னெச்சரிக்கைக்கு 0.1 பெற்ற நாட்டின் கூட்டுச் சராசரி 0.63. நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அடுத்த புயலில் எச்சரிக்கையின்றி மக்கள் சாவார்கள். மூன்றையும் பெருக்கி அதன் கனமூலத்தை எடுக்கும் பெருக்குச் சராசரியில் 0.43 வரும், பலவீனமான இடம் மொத்தத்தையும் இழுக்கும். மனித வளர்ச்சிக் குறியீடு 2010இல் கூட்டுச் சராசரியிலிருந்து பெருக்குச் சராசரிக்கு மாறியதும் ஒன்றன் குறையை இன்னொன்று மறைக்கக் கூடாது என்பதற்காகத்தான். இருந்தாலும் எங்கள் யோசனை, சேர்க்கவே வேண்டாம். இத்தகைய கூட்டுக் குறியீடுகள் பெரும்பாலும் நாட்டின் வருமானத்தையே வேறு பெயரில் காட்டுகின்றன.

கேள்வி: தகவமைப்புக்கு எவ்வளவு நிதி போகிறது என்பதில் ஏன் இத்தனை வேறுபாடு?

முதலில் அளவு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025 அறிக்கைப்படி, வளரும் நாடுகளுக்கு 2035வாக்கில் ஆண்டுக்கு 31,000 கோடி முதல் 36,500 கோடி டாலர் வரை தேவைப்படும். 2023இல் பிற நாடுகளிலிருந்து வந்த பொது நிதி 2,600 கோடி டாலர். தேவை 12 முதல் 14 மடங்கு.

இந்த 2,600 கோடியை எண்ணும் விதமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 10 கோடி டாலரில் ஒரு சாலை போடுகிறார்கள், வெள்ளநீர் வடிய மதகை அகலப்படுத்த 80 லட்சம் கூடுதல் செலவு என்று கொள்வோம். உலக வங்கி போன்ற பலதரப்பு வளர்ச்சி வங்கிகளின் முறையில் கணக்கில் வருவது அந்தக் கூடுதல் 80 லட்சம்தான். அதற்கும் மூன்று நிபந்தனை: அந்த இடத்தின் காலநிலை ஆபத்தை விவரிக்கவேண்டும், அதைக் குறைக்கும் நோக்கத்தை எழுதவேண்டும், செலவுக்கும் நோக்கத்துக்கும் நேரடித் தொடர்பு காட்டவேண்டும். கொடையளிக்கும் நாடுகள் பின்பற்றும் ரியோ குறியீட்டு முறையில் திட்டத்துக்கு 0, 1, 2 என்று மதிப்பு இடுகிறார்கள். 1 என்றால் தகவமைப்பு துணை நோக்கம். அப்படிப்பட்ட திட்டத்தில் ஒரு நாடு 40 சதவீதத்தைக் கணக்கில் எழுதும், இன்னொன்று 100 சதவீதத்தையும் எழுதும். ஒரே சாலை 80 லட்சமாகவும் 4 கோடியாகவும் 10 கோடியாகவும் ஏட்டில் ஏறும்.

எந்த நிதி எண்ணையும் மேற்கோள் காட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: ஒப்புக்கொண்டதா, கொடுத்ததா? கடனா, மானியமா? முழுத் திட்டமா, தகவமைப்புப் பங்கு மட்டுமா?

கேள்வி: எங்கள் அமைப்பு சொந்தமாக ஒரு குறிகாட்டி உருவாக்குகிறது. எழுத்தில் என்னென்ன இருக்கவேண்டும்?

ஒரு பக்க விவரத்தாள் போதும், ஆனால் அதில் ஒரு வரியும் விடுபடக் கூடாது. பெயர், அலகு, மேல் எண் என்ன, வகுக்கும் எண் என்ன, தரவு எங்கிருந்து, யார் பொறுப்பு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்தெந்தக் குழுக்களாகப் பிரிப்பது, அடிப்படை ஆண்டு எது. அடிப்படை ஆண்டாகப் பேரிடர் நடந்த ஆண்டை எடுக்காதீர்கள். அதன்பின் எதுவுமே செய்யாவிட்டாலும் முன்னேற்றம் தெரியும். மூன்று அல்லது ஐந்து ஆண்டுச் சராசரி வையுங்கள்.

எழுதி முடித்ததும் ஒருவரிடம் தாளை மட்டும் கொடுத்து, விளக்கம் சொல்லாமல் கணக்கிடச் சொல்லுங்கள். இன்னொருவரிடமும் அப்படியே. இருவருக்கும் ஒரே விடை வராவிட்டால் வரையறை இன்னும் தளர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு குறிகாட்டிக்கும் பக்கத்தில் ஒரு காவல் குறிகாட்டியும் வையுங்கள். பாசனம் பெற்ற பரப்பு கூடியது என்றால் பக்கத்தில் நிலத்தடி நீர்மட்டம் எத்தனை மீட்டர் இறங்கியது என்று இருக்கவேண்டும். வெள்ளத்தடுப்புச் சுவரின் நீளம் என்றால் அதன் கீழ்ப்புறத்து ஊர்களில் வெள்ள ஆழம். ஒருவரைக் காத்து இன்னொருவரைக் கெடுக்கும் தவறான தகவமைப்பு இப்படித்தான் பிடிபடும்.

கேள்வி: சில மாவட்டங்களிலிருந்து தரவே வரவில்லை. 0 என்று போடலாமா?

ஒருபோதும் போடாதீர்கள். 0 என்றால் அளந்தோம், எதுவும் நடக்கவில்லை என்று பொருள். அளக்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட்டு, 'தரவு இல்லை' என்று குறிப்பு எழுதுங்கள். மொத்தம் கூட்டும்போது அந்த மாவட்ட மக்களை வகுக்கும் எண்ணிலிருந்தும் நீக்குங்கள். இல்லையென்றால் இறப்பு விகிதம் பொய்யாகக் குறையும். 'மக்களில் 82 சதவீதத்தினரின் தரவை வைத்துக் கணக்கிட்டது' என்பதுபோல ஒரு வரியை அட்டவணையின் அடியில் அல்ல, எண்ணுக்குப் பக்கத்திலேயே சேருங்கள். பேரிடரின்போது முதலில் துண்டிக்கப்படுவதும் கடைசியில் தரவு அனுப்புவதும் பெரும்பாலும் மோசமாக அடிபட்ட மாவட்டங்கள்தான். காலிக் கட்டங்கள் எவை என்று பட்டியலெடுத்து, அடுத்த களப்பணியை அங்கிருந்து தொடங்குங்கள்.